டிஸ்க் பிளேட் மாற்றிய கதையும் சோழவந்தானுக்குப் போய்வந்த ஐம்பத்திரண்டு கிலோமீட்டரும்

மதுரையில் சைக்கிளுக்கு டிஸ்க் பிளேட் எங்கே கிடைக்கும், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டு இந்த வலைப்பதிவுக்கு மூன்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அதற்கான பதில் இதில் இருக்கிறது. ஆனால் இது முதலில் ஒரு பயணக் கட்டுரை. பொங்கல் கழிந்த சனிக்கிழமை, தெப்பக்குளத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து சோழவந்தானுக்குச் சைக்கிளில் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு சைக்கிள் மெக்கானிக்கைத் தேடிப் போனேன். போன அக்டோபரில், என் வண்டியின் பிரேக்கைக் கெடுத்துவிட்டார் என்று அவர் வேலை பார்த்த கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவருக்கு வேலை போனது. பிரேக்கைக் கெடுத்தது அவரல்ல, நான்தான் என்பது டிசம்பரில் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லப் போனேன்.

தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் மெக்கானிக் என்றே எழுதுகிறேன். கடையின் பெயரும் வேண்டாம். யானைக்கல் பக்கம் என்று சொன்னால் போதும்.

வண்டி என் தம்பியுடையது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடம் முன்பு அங்கே வாங்கிய சைக்கிளைப் பெட்டியில் கட்டி எடுத்துவந்து, "நீ ஓட்டுக்கா, சர்க்கரைக்கு நல்லது" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போனான். இருபத்தொரு கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். டிஸ்க் பிரேக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சாதாரண சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும். இதில் சக்கரத்தின் நடுவே, ஒரு சின்னத் தட்டு அளவுக்கு, துளை துளையாக மெல்லிய இரும்புத் தகடு ஒன்று இருக்கும். இரண்டு சிறிய வில்லைகள் அதை இருபுறமும் கவ்வி நிறுத்தும். வில்லைகளைக் கடையில் பேட் என்கிறார்கள். தகட்டை, மோட்டார் சைக்கிள் வழக்கப்படி, டிஸ்க் பிளேட் என்கிறார்கள்.

எங்கள் அலுவலக ஸ்டாண்டில் யாரோ ஒரு மொபெட்டை என் சைக்கிள் மேல் சாய்த்துவிட்டுப் போனதில் பின் டிஸ்க் வளைந்துவிட்டது. முன் டிஸ்க் முன்பே தேய்ந்திருந்தது. மாற்ற வேண்டும் என்று கிளம்பினால் மதுரையில் ஏழு கடைகளில் கையை விரித்தார்கள். எட்டாவது கடைதான் யானைக்கல் பக்கம் இருந்தது. அங்கேதான் அவரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய சட்டைப் பையில் மார்க்கர் பேனாவும் இரும்பு ஸ்கேலும். மற்ற கடைகளில் செய்யாத ஒன்றை அவர் செய்தார். என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்காமல், குனிந்து வண்டியைப் பார்த்தார்.

"நூத்தி அறுபது எம்எம், ஆறு போல்ட்டு. பிளேட்டு இன்னைக்குக் கைல இல்ல மேடம். மெட்ராஸ்ல சொல்லி வாங்கணும். பத்து நாள் பொறுப்பீங்களா?"

பொறுத்தேன். இரண்டு விதமாக வரவழைத்திருந்தார். ஒன்று ஓரமெல்லாம் அலை அலையாக, பார்க்கவே நகை மாதிரி இருந்தது. இன்னொன்று வெறும் வட்டம். நான் அலையை எடுத்தேன். அவர் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, விளிம்பில் பொறித்திருந்த பொடி எழுத்தைக் காட்டினார். எந்த வகை பேடோடு மட்டும் போட வேண்டும் என்று அதில் இருந்தது.

"உங்க வண்டில இருக்குறது மெட்டல் பேடு. இந்த அழகுப் பிளேட்டுக்கு மெட்டல் ஆகாது, சீக்கிரம் தின்னுரும். சாதாவே போடுங்க. அழகா இருக்குறதவிட நிக்கிறது முக்கியம்ல?"

பிளேட் ஒன்று 650 ரூபாய். இரண்டையும் மாட்டக் கூலி 120. மாட்டி முடித்ததும் என் முன்னாலேயே ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் துணியால் இரண்டையும் துடைத்துக் காட்டினார். "இதுல கைகூட வைக்காதீங்க மேடம். எண்ணெய், கிரீஸு எதுவும் படவே கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போதுகூட இந்தப் பக்கம் துணி போட்டு மூடிக்கங்க." சரி என்றேன். செயினுக்கு எண்ணெய் விடும்போது அப்படியே மூடியும் கொண்டேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அரிவாள்மனையில் தொடங்கி தையல் மெஷின் வரை எல்லாவற்றையும் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். சைக்கிளையும் வைத்தேன். ஹேண்டில் பார், சீட், கம்பி எல்லாம் துடைத்தேன். பளபளவென்று புதிதாக இருந்த இரண்டு டிஸ்க் பிளேட்டையும் துடைத்தேன். அவைதானே வண்டியிலேயே புதியவை. ஒவ்வொன்றிலும் மூன்று பொட்டு. சந்தனம் துளைகளுக்குள் இறங்கி அழகாக உட்கார்ந்தது. அவர் சொன்ன எண்ணெய் மெஷின் எண்ணெய். இது பூஜை. இரண்டும் ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் இருக்க முடியுமா என்று இப்போது யோசிக்கிறேன். அவர் சொன்னது காதில்தான் இருந்தது. கை அதன் பாட்டுக்கு வழக்கத்தைச் செய்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை எடுத்தேன். தெரு முனைவரை வேகம் இல்லை, எதுவும் தெரியவில்லை. ஆற்றுப் பாலத்தை விட்டு இறங்கும் சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் அழுத்தினேன். கொய்யாப்பழத் தள்ளுவண்டி ஒன்றில் மோதி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் போட்ட ஐந்தாம் நாள், கழுத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து அந்தக் கடைக்குப் போனேன். தீபாவளி நேரம், கடை நிறைய ஆள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒரு மாதம் முன்பு வரை நீங்கள் என்று பேசிய மனிதரை நீ என்று பேசினேன். என்ன பிளேட் போட்டாய், எந்தக் குப்பையிலிருந்து எடுத்து மாட்டினாய், பொம்பளைக்கு என்ன தெரியும் என்றுதானே என்றெல்லாம் கத்தினேன்.

"வண்டியக் கொண்டாங்க மேடம். ஒரு தடவை பாத்துருவோம்" என்றார்.

"உன் கையிலயே மறுபடியும் குடுக்கவா? இன்னொரு கையும் போகட்டும்னா?"

"இல்ல மேடம், கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை. நானே வீட்டுக்கு வாரேன்."

"வீட்டுப் பக்கம் வந்தா போலீஸக் கூப்பிடுவேன்."

நான் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில், மோட்டார் கிளெய்ம் பிரிவில் இருபத்தோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வண்டியை நேரில் பார்த்து எழுதிய அறிக்கை இல்லாமல் ஒரு கோப்பிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிபாரிசோடு வருகிறார்கள். "முதல்ல வண்டியப் பாக்கணும் சார்" என்று ஒரே பதில்தான் சொல்வேன். அன்றைக்கு அதையேதான் அவர் என்னிடம் சொன்னார்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கூட்டம் கலைந்துவிடக் கூடாது என்ற அவசரம் அவருக்கு. "நாளைலருந்து வராதப்பா நீ" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மெக்கானிக் ஸ்கேலையும் மார்க்கரையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். ஆட்டோவில் வீடு திரும்பும்போது என் மனசு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

டிசம்பரில் தம்பி விடுமுறையில் வந்தான். மூலையில் கிடந்த வண்டியைத் திருப்பிப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். அதில் அவன் கேலி பேசிச் சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பிளேட்டின் துளைகளில் காய்ந்து போயிருந்த சந்தனத்தை ஊசியால் நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். பேட் இரண்டும் எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி மின்னின. "அக்கா, பிரேக்குக்கு அபிஷேகமே பண்ணிருக்கியே! நல்லவேளை, கையோட போச்சு." விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டான். அக்டோபரில் நடந்ததை அவனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவனும் சிரிக்கவில்லை.

பிளேட்டைச் சுத்தம் செய்து, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த புது பேட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நான் யானைக்கல் கடைக்கு விசாரிக்கப் போனபோது பொங்கல் வந்துவிட்டது. மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். வருடக் கடைசி, அலுவலகத்தில் வேலை என்று காரணம் வைத்திருந்தேன். முதலாளி இல்லை. வேலைக்கு இருந்தவர் ஒருவர், மெக்கானிக்கின் மனைவிக்குச் சோழவந்தான், குடும்பத்தோடு அங்கே போய் மச்சானுடைய கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், வேலை பார்க்கிறார் என்றார். கொடிக்கால் இருக்கும் இடத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை 5.50க்குக் கிளம்பினேன். பேருந்தில் ஒன்பது ரூபாயில் போயிருக்கலாம். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும் என்று ஏனோ பிடிவாதம்.

வழி இதுதான்: தெப்பக்குளம், காமராசர் சாலை, சிம்மக்கல் (4 கி.மீ.), ஆரப்பாளையம் (6), கோச்சடை (8.5), துவரிமான் (12), மேலக்கால் (19), தென்கரை, பாலம் தாண்டினால் சோழவந்தான் (26). ஆரப்பாளையம் வரை காலை நேரத்திலும் பேருந்துகள் ஒதுங்க விடாது. கோச்சடை தாண்டியதும் ஊரின் சத்தம் குறைந்து தென்னந்தோப்புகள் வந்துவிடும். ஏற்றம் என்று சொல்லும்படி எங்கும் இல்லை. வைகை வலது பக்கமே கூட வருகிறது, ஆனால் பல இடங்களில் தோப்பு மறைத்துவிடும். இந்தப் பருவத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுவடை நேரம் என்பதால் துவரிமானுக்கு அப்புறம் பல இடங்களில் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பியிருக்கிறார்கள். அதன் மேல் ஓட்டினால் வைக்கோல் பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது. நான் இரண்டு முறை இறங்கினேன்.

மேலக்காலில் 7.35க்கு டீ குடித்தேன். மூன்று ரூபாய். டீக்கடைக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எக்கா, இம்புட்டு பல்லுச் சக்கரம் இருக்கே, பறக்குமா?"

"பறக்காதுண்ணே. மிதிக்கணும்."

"அப்பறம் என்னத்துக்கு இம்புட்டு?" என்றவர், "எங்குட்டுப் போறீங்க, தனியாவா?" என்றார். சோழவந்தானில் ஒருவரைப் பார்க்க என்றேன். "சொந்தமா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலக்கால் தாண்டியதிலிருந்து பின் பிரேக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. தம்பி அவசரத்தில் மாட்டியது எங்கேயோ உரசுகிறது என்று மட்டும் புரிந்தது. தென்கரைப் பாலத்தைத் தாண்டிச் சோழவந்தானுக்குள் நுழையும்போது மணி 8.20. கொடிக்கால் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாக முக்கால் கிலோமீட்டர். வெற்றிலைக் கொடியை அகத்தி மரங்களில் ஏற்றிக் கட்டுகிறார்கள். உள்ளே போனால் வெயிலே தெரியாது, தரையெல்லாம் ஈரம். வாசலில் வேலிப் படல். அங்கே ஒருவர் வெற்றிலையைக் கட்டுக் கட்டாக ஈரச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் மச்சான். நான் யார் என்று சொன்னதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாப்ள! மதுரைலருந்து உன் கஸ்டமரு வந்துருக்காக. அங்க போட்ட சத்தம் பத்தலையாம்."

மெக்கானிக் வெளியே வந்தார். கையில் வாழைநார். விரல் நகங்களில் கிரீஸ் கருப்புப் போய், பச்சைக் கறை இருந்தது. என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், "வாங்க" என்றார்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். என் தப்பு, மன்னிச்சிருங்க என்றேன். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"ஆயுத பூசை மறுநாள் விழுந்தேன்னு நீங்கதான கத்துனீங்க. அப்பவே நினைச்சேன். கடைல கூட வருசா வருசம் சொல்லுவேன், டிஸ்க் வண்டிக்கு மட்டும் பொட்டு சீட்டுல வைங்கண்ணேன்னு. உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டேன். எண்ணெய் படக் கூடாதுன்னா புரிஞ்சிரும்னு இருந்துட்டேன்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே?"

"பாக்காம எப்படிச் சொல்றது? அதுக்குத்தான வண்டியக் கொண்டாங்கன்னேன்."

மச்சான் சிரித்தார். "பூசை போட்டது அவுக, பலி குடுத்தது உன்னைய. அம்புட்டுத்தான்."

"நீ செத்த சும்மா இரு மச்சான்" என்றார் மெக்கானிக். பிறகு என் பக்கம் திரும்பினார். "அங்க ஊரக் கூட்டிச் சத்தமாச் சொன்னீங்க. இங்க கொடிக்காலுக்குள்ள வந்து மெதுவாச் சொல்றீங்க. எங்களுக்குச் சொல்லி என்ன ஆகப் போகுது மேடம்?"

பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு சைக்கிள் கடையில் நவம்பரில் அவர் வேலை கேட்டிருக்கிறார். டிஸ்க் வேலை தெரிந்த ஆள் என்று அவர்களும் விரும்பியிருக்கிறார்கள். யானைக்கல் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டதும், "கஸ்டமர் கைய ஒடிச்ச ஆளு" என்று பதில் வந்திருக்கிறது. அதன்பின் இன்னும் இரண்டு இடம். கேட்கப் போகும் முன்பே விஷயம் போயிருந்தது. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், அவரோடு சேர்த்து நான்கு பேரும் இப்போது மச்சான் வீட்டில். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்கக் கேட்கச் சொன்னார்.

"என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றேன்.

"எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு. நான் அடுத்த கடைக்குப் போனா காமிக்க ஒண்ணு வேணும்."

அவருடைய மனைவி ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார். படலுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து எழுதினேன். இருபத்தோரு வருடப் பழக்கம், கை நிற்காமல் ஓடியது. "எனது மிதிவண்டியின் பிரேக் தொடர்பாகக் கடந்த அக்டோபரில் எழுந்த கருத்து வேறுபாடு போதிய தகவலின்மையால் நேர்ந்தது என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்."

அவர் இரண்டு முறை படித்தார்.

"இதுல யாரு தப்புன்னு இருக்கு மேடம்?"

தாளை வாங்கி நானும் ஒரு தடவை படித்தேன்.

"கருத்து வேறுபாடுன்னா ரெண்டு பேரு பேசிருக்கணும்ல. என்னய எங்க பேச விட்டீங்க?"

இன்னொரு தாள் கேட்டேன். இந்த முறை எழுத வெகுநேரம் ஆனது. "டிஸ்க் பிளேட்டில் எண்ணெய் பூசியதும் சந்தனம் வைத்ததும் நான். எண்ணெய் படக் கூடாது என்று இவர் எனக்குச் சொல்லியிருந்தார். வண்டியைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று கேட்டார். நான் கொண்டுபோகவில்லை. நான் விழுந்ததில் இவர் மீது எந்தத் தவறும் இல்லை." என் பெயரும் வீட்டு முகவரியும் எழுதினேன். "என்ன உத்தியோகம்னும் போடுங்க. அப்பத்தான் மதிப்பாங்க" என்றார் அவர் மனைவி. கொஞ்சம் தயங்கினேன். மோட்டார் கிளெய்ம் பிரிவு என்பதை எழுதும்போது முகம் சுட்டது.

கிளம்பும்போது, பின் பிரேக் கத்துகிறது, ஒரு நிமிடம் பார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டது உண்மையில் பிரேக்குக்காக மட்டும் இல்லை. அவர் கை அந்த வண்டியில் பட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பேன்.

"வேணாம் மேடம். நான் தொட மாட்டேன். போற வழில ஒண்ணு ஆச்சுன்னா..." முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "நீங்க செய்ங்க, நான் சொல்றேன்" என்றார்.

என் பையில் போல்ட் திருகும் ஆலன் சாவி இருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியிலிருந்து ஓரடி தள்ளி நின்று சொன்னார். "அந்த பேடு புடிச்சிருக்குற கவ்வி இருக்குல்ல, அதுல ரெண்டு போல்ட்டு. ரெண்டையும் அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க. கழட்டிராதீங்க. இப்ப பிரேக்க இறுக்கிப் புடிங்க. விடாதீங்க. புடிச்ச மானிக்கே போல்ட்ட டைட் பண்ணுங்க. ஒண்ண முழுசா வேணாம், மாத்தி மாத்தி." முறிந்து கூடிய மணிக்கட்டால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் திருகினேன். ஒரு தடவை சாவி நழுவியது. அவர் கை முன்னால் வந்தது. பாதியில் நின்று, திரும்பவும் பின்னால் போனது.

சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தம் இல்லை.

"சரியாகிருச்சு. போய்ட்டு வாங்க" என்றார்.

9.40க்குக் கிளம்பினேன். துவரிமானில் இளநீர் பத்து ரூபாய். வெயில் ஏறிவிட்டதால் திரும்பும்போது அரை மணி கூடுதலாக ஆனது. நேராக வீட்டுக்குப் போகாமல் யானைக்கல்லில் நிறுத்தினேன். மணி 12.15. முதலாளி இருந்தார். நான்கைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு இருந்தவர்களில் ஒருவரும் இல்லை; இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்ததையே சத்தமாகச் சொன்னேன். ஒருவர் சைக்கிள் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தார். கத்துவது எவ்வளவு சுலபமாக வந்தது, இது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளிக்குத்தான் சங்கடம். "அட, விடுங்க மேடம். சாமி காரியம் செஞ்சீங்க, அதுல என்ன தப்பு? உக்காருங்க, காபி சொல்லவா?" என்னை அவர் ஒரு நொடியில் மன்னித்துவிட்டார். மெக்கானிக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சே. அவனும் அன்னைக்கு ஒரு வார்த்தை எதுத்துப் பேசிருக்கலாம்ல? கம்முனு இருந்தா நான் என்னன்னு நினைக்கிறது?"

"பேசுனாரு. வண்டியக் கொண்டாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்களும் கேக்கல, நானும் கேக்கல" என்றேன்.

இனி யாராவது போன் போட்டு விசாரித்தால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன் என்று சம்மதித்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை பைபாஸ் ரோடு கடைக்கும் போனேன். அங்கேயும் ஆள் போட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். அதில் மூன்று வாரம் நான் சும்மா தள்ளிப் போட்டது.

டிஸ்க் பிளேட் வாங்குகிறவர்களுக்கு, அவர் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். பழைய பிளேட்டின் குறுக்களவை அளந்துகொண்டு போங்கள். 160, 180 இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், மாற்றி வாங்கினால் மாட்டாது. ஆறு போல்ட் மாடலா, நடுவில் ஒரே வளையமாகப் பூட்டும் மாடலா என்று பாருங்கள். புதுப் பிளேட்டின் தடிமன் 1.8 மி.மீ. இருக்கும். 1.5க்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும், சாதாரணமாக அந்த எண்ணைப் பிளேட்டிலேயே பொறித்திருப்பார்கள். அதில் எந்த பேட் ஆகும் என்று எழுதியிருந்தால் அதை மதியுங்கள். லேசான வளைவு என்றால் நிமிர்த்திவிடலாம், உடனே மாற்றத் தேவையில்லை. மாட்டிய பிறகு ஆளில்லாத இடத்தில் பதினைந்து இருபது தடவை மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டினால்தான் பிடிமானம் வரும். எண்ணெய் பட்டுவிட்டால் பிளேட்டைச் சுத்தம் செய்யலாம், பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆயுத பூஜைக்குப் பொட்டு ஹேண்டில் பாரில் வையுங்கள்.

சோழவந்தான் பயணத்துக்கு: ஆறு மணிக்கு முன்பே கிளம்புங்கள், தண்ணீர் இரண்டு பாட்டில், மேலக்காலுக்கு அப்புறம் பஞ்சர் கடை என் கண்ணில் படவில்லை. ஊருக்குள் வெற்றிலை வாங்குவதானால் காலை எட்டு மணிக்குள் போனால் பறித்த ஈரத்தோடு கிடைக்கும்.

நேற்று மச்சானுடைய எண்ணுக்குப் போன் செய்தேன். மெக்கானிக் எடுத்தார். தாளை இரண்டு கடைகளில் காட்டியிருக்கிறார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். இதை எழுதும்வரை வேலை கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது மதுரையிலோ திண்டுக்கல்லிலோ சைக்கிள் கடை இருந்து, டிஸ்க் பிரேக் தெரிந்த, வண்டியைப் பார்க்காமல் வாய் திறக்காத ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள். முதலில் அவரிடம் கேட்கிறேன். அவர் சரி என்றால் மட்டும் எண்ணைத் தருகிறேன்.